எள்ளுக்குச் செக்கு, கருஞ்சீரகத்துக்குக் கரியமில வாயு

காரைக்குடிப் பக்கம் எள்ளை மரச்செக்கில் போட்டு, கருப்பட்டி சேர்த்து ஆட்டி, எண்ணெயை இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்துக் கசடு இறக்குவார்கள். பிண்ணாக்கில் பத்து சதவீதத்துக்கு மேலேயே எண்ணெய் தங்கிவிடும். அது வீணில்லை, மாட்டுக்குப் போகிறது.

பெரிய ஆலைகள் எண்ணெயை ஹெக்சேன் என்ற பெட்ரோலியக் கரைப்பானில் கரைத்து எடுக்கின்றன. பிண்ணாக்கில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே மிஞ்சும். ஆனால் அந்தக் கரைப்பானைச் சூடாக்கி விரட்டி, எண்ணெயைச் சுத்திகரித்தாக வேண்டும். நல்லெண்ணெயின் வாசம் அதிலேயே போய்விடுகிறது.

மூன்றாவது வழி சூப்பர்கிரிட்டிக்கல் கரியமில வாயு. 31 டிகிரி வெப்பத்தையும் காற்றழுத்தத்தைப் போல 73 மடங்கு அழுத்தத்தையும் தாண்டினால், அது வாயுவைப் போல விதைத்தூளுக்குள் புகும், திரவத்தைப் போல எண்ணெயைக் கரைக்கும். அழுத்தத்தைக் குறைத்ததும் வாயு பிரிந்துவிடும், எண்ணெய் நிற்கும். கரைப்பான் மிச்சம் என்ற கவலையே இல்லை. வாயுவையும் திரும்பப் பயன்படுத்தலாம். பிசினாகும் பாஸ்போலிப்பிடுகள் என்ற கொழுப்புப் பொருட்கள் அதில் அநேகமாகக் கரையாததால் கசடும் குறைவு.

31 டிகிரி நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு பொருட்டே இல்லை. சிக்கலும் அங்கேதான். பம்புக்கு வாயு திரவமாகப் போக வேண்டும், அதற்கு முதலில் நன்றாகக் குளிர வைக்க வேண்டும். பிறகு விதை எண்ணெய்க்கு 300 மடங்கு அழுத்தம் வரை ஏற்ற வேண்டும். கார் டயரில் இருப்பது இரண்டு மடங்குதான். அதைத் தாங்கும் தடித்த எஃகுக் கலனை ஒவ்வொரு ஈட்டுக்கும் அழுத்தம் இறக்கித் திறந்து, தூளை மாற்றி, மறுபடி மூட வேண்டும். முதலும் மின்கட்டணமும் அதில்தான் கரைகின்றன.

அதனால் எள்ளுக்கும் கடலைக்கும் இந்த இயந்திரம் வேண்டாம் என்பேன். இட்லிப்பொடியில் ஊற்றும் எண்ணெய்க்குச் செக்கே போதும்.

கருஞ்சீரகம் வேறு சங்கதி. அதன் காட்டமான மணத்தில் பெரும்பங்கு தைமோகுயினோன் என்ற ஆவியாகும் பொருளுடையது. ஹெக்சேனை ஆவியாக்கும்போது அதிலும் ஒரு பகுதி சேர்ந்து பறக்கும். கரியமில வாயுவில் அந்தச் சூடு தேவையில்லை. அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றினால் 100 மடங்கு வாக்கில் மணச்சாறு முதலில் வரும், அப்புறம் 300-ல் கொழுப்பெண்ணெய் வரும். ஒரே கலனிலிருந்து இரண்டு சரக்கு, இரண்டு விலை. அந்தக் கலனின் விலையை மீட்க எனக்குத் தெரிந்த நியாயமான வழி இதுதான்.