ஈக்குள் பரம்பரையலகு வைக்க எந்த வழி நல்லது?

பழ ஈயின் குடம்பி சாப்பாட்டை விட்டுவிட்டு போத்தல் சுவரில் ஏறத் தொடங்கினால், கூட்டுப்புழுவாகும் நேரம் நெருங்கிவிட்டது. அப்போது எக்டைசோன் என்ற ஓமோன் உடலில் பெருகும். அதைப் பிடிக்கும் வாங்கியின் பரம்பரையலகை முடுக்கிவிடும் டி.என்.ஏ. துண்டு எது? சந்தேகப்படும் துண்டை லாக்-இசட் என்ற பரம்பரையலகோடு ஒட்டி ஈக்குள் வைத்துப் பார்ப்பார்கள். சரியான துண்டென்றால், சாயமிட்டதும் அது வேலை செய்யும் இழையம் நீலமாகும். எப்படி வைப்பது என்பதில்தான் போட்டி.

ரூபின், ஸ்ப்ராட்லிங் என்ற விஞ்ஞானிகள் 1982இல் காட்டிய பி-மூலகம் பழைய வழி. டி.என்.ஏ.யில் இடம் விட்டு இடம் தாவும் மூலகம் அது; சோதிக்கும் துண்டை அதில் ஏற்றி அனுப்புவார்கள். மலிவு, ஆனால் நாம் சொல்லும் இடத்தில் அல்ல, தன்பாட்டில் எங்காவது போய் உட்காரும். அடையாளத்துக்கு வைக்கும் கண் நிறத்திலேயே இது தெரியும்: ஒரே துண்டு புகுந்த இரண்டு ஈக்களில் ஒன்றுக்கு வெளிர் மஞ்சள் கண், மற்றதற்குக் கடுஞ்சிவப்பு. தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதினமில்லை. ஒரே தாய்ச்செடியின் தண்டை வெட்டி நட்டு வளர்த்த வி.பி. கன்றுதான், முகட்டில் ஒரு மாதிரி, ஓடையோரம் வேறு மாதிரி. வித்தியாசம் துண்டாலா, இடத்தாலா என்று சொல்ல ஒவ்வொரு துண்டுக்கும் பல வம்சங்கள் வளர்க்க வேண்டும்.

2004இல் ஈக்கு வந்த ஃபை-சி31 நொதியம், முன்பே குறித்து வைத்த ஒரே இடத்தில் எல்லாத் துண்டையும் இறக்கிவிடும். எல்லாக் கன்றும் ஒரே மண்ணில். துண்டுகளை ஒப்பிட என்றால் என் தெரிவு இதுதான்.

1993இன் கால்4 முறைக்குத்தான் நிறையப் பேர் ஓடுவார்கள். இதில் துண்டு முதலில் கால்4 என்ற புரதத்தை உருவாக்கும்; அந்தப் புரதம் போய் நாம் வைத்த வேறொரு பரம்பரையலகை முடுக்கும். பழுதான வாங்கியை ஒரு இழையத்தில் மட்டும் உருவாக்கிப் பார்க்க அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அது சத்தத்தைப் பெருக்கும் கருவி; துண்டின் உண்மையான பலத்தை அளக்க உதவாது. கால்4 புரதம் சீக்கிரம் அழியாது என்பதால், சில மணி நேரமே நீடிக்கும் ஓமோன் அலை அடங்கிய பிறகும் நீலம் தங்கிவிடும். வெப்பத்துக்கும் ஆடும்: 16 பாகையில் மந்தம், 29இல் முழு வேகம். நுவரெலியாக் குளிரில் இன்குபேட்டர் இல்லாமல் தொடங்கிவிடாதீர்கள். 25 பாகையில் பத்து நாளில் வளரும் ஈ, 18இல் ஏறக்குறைய இரட்டிப்பு நாள் எடுக்கும். கண்டி அறையில் பார்த்ததோடு அது ஒத்துவராது.

அப்புறம், டி.என்.ஏ.யைக் குறித்த இடத்தில் வெட்டும் கிறிஸ்பர். நீலம் வந்தால் அந்தத் துண்டால் முடியும் என்று மட்டுமே தெரியும். அது இல்லாமல் வாங்கி இயங்குமா என்று பார்க்க, துண்டை அதன் சொந்த இடத்திலேயே வெட்டி எடுக்க வேண்டும். நாள் பிடிக்கும் வேலை. ஃபை-சி31 கழித்தது போக மிஞ்சும் ஒன்றிரண்டு துண்டுக்கு மட்டும் செய்தால் போதும்.