3060 டிஐ, 4060 டிஐ, 5060 டிஐ: ஒரே பெயர், மூன்று தலைமுறை

கிராபிக்ஸ் கார்டு தலைமுறைகளைப் பற்றிய சண்டை என்றாலே எல்லோரும் உச்சாணிக் கொம்பில் இருக்கும் கார்டுகளைத்தான் இழுக்கிறார்கள். எனக்கு நடுத்தட்டுதான் சுவாரசியம். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ 2020 டிசம்பரில் வந்தது, 4060 டிஐ 2023 மே மாதத்தில், 5060 டிஐ 2025 ஏப்ரலில். மூன்றையும் அருகருகே வைத்தால் ஒரு வேடிக்கை தெரியும்.

3060 டிஐ-யின் மெமரி பஸ், அதாவது சிப்புக்கும் மெமரிக்கும் இடையே தரவு ஓடும் பாதையின் அகலம், 256 பிட். பேண்ட்விட்த், அதாவது அதில் ஓடக்கூடிய தரவு, நொடிக்கு 448 ஜிபி. 4060 டிஐ-யில் பஸ்ஸைப் பாதியாக வெட்டி 128 பிட் ஆக்கினார்கள், பேண்ட்விட்த் 288 ஜிபிக்கு இறங்கியது. 5060 டிஐ-யிலும் அதே 128 பிட்தான். ஆனால் ஜிடிடிஆர்7 என்ற புதிய வகை மெமரியின் வேகத்தால் கணக்கு மறுபடியும் 448-க்கு வந்து நிற்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு மேல் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்திருக்கிறார்கள்!

வெட்டியதற்கு ஈடாக 4060 டிஐ-க்கு எல்2 கேஷை, அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறிய அதிவேக மெமரியை, தாராளமாகக் கொடுத்தார்கள். முன்பு 4 எம்பி, இப்போது 32 எம்பி. அடிக்கடி தேவைப்படும் தரவு சிப்புக்குள்ளேயே கிடைத்துவிட்டால் மெமரிக்கு ஓட வேண்டியதில்லை. 1080பி-யில் இது நன்றாகவே எடுபடுகிறது. ரெசல்யூஷன் ஏற ஏற, தேடும் தரவு கேஷில் கிடைக்கும் வாய்ப்பு குறைகிறது. அதனால்தான் 1080பி-யில் முந்தும் கார்டு, 4கே-யில் சில கேம்களில் பழைய அண்ணனோடு சரிசமமாக மூச்சு வாங்குகிறது.

4060 டிஐ-யை முழுக்கக் கழித்துவிடவும் முடியாது. 200 வாட் தேவைப்பட்ட இடத்தில் 160 வாட் போதும். ஏவி1 என்ற வீடியோ வடிவில் பதிவு செய்யும் என்கோடர் இருக்கிறது, ஸ்ட்ரீமிங் செய்பவர்களுக்கு அது பெரிய விஷயம். 3060 டிஐ-யால் ஏவி1 வீடியோவைப் பார்க்க மட்டுமே உதவ முடியும்.

அப்புறம் பிரேம் ஜெனரேஷன், அதாவது திரையில் ஓடும் படங்களுக்கு (பிரேம்களுக்கு) நடுவே கார்டே புதுப் படங்களை உருவாக்கிச் சேர்ப்பது. 40 வரிசையில் இரண்டு பிரேம்களுக்கு நடுவே ஒன்றைக் கற்பனை செய்து செருகுகிறது, 50 வரிசையில் ஒன்றுக்கு மேல் செருக முடியும். படம் வழுவழுப்பாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் மவுஸை அசைத்ததும் கேம் பதில் சொல்வது நிஜமான பிரேம்களில்தான். நிஜம் நொடிக்கு 30 பிரேம் என்றால் திரையில் 120 காட்டினாலும் கைக்கு அது 30 போலவே கனக்கும், கொஞ்சம் கூடுதலாகவே. அடிப்படை 60-ஐத் தொட்ட பிறகுதான் இதை இயக்குவதில் அர்த்தம் இருக்கிறது. இதற்கும் தனியாக மெமரி வேண்டும் என்பது இன்னொரு கூத்து: 8 ஜிபி கார்டு ஏற்கெனவே திணறும் கேமில் இதைப் போட்டால் திணறல் கூடும்.

என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 4 மென்பொருளில் உள்ள புதிய அப்ஸ்கேலிங் மாடல், அதாவது சிறிய படத்தை ஏஐ மூலம் பெரிதாக்கித் தெளிவாக்குவது, மூன்று கார்டுகளிலும் ஓடுகிறது. 3060 டிஐ வைத்திருப்பவருக்கு இது சும்மா கிடைத்த பரிசு. பழைய கார்டில் வேகம் சற்று அடிபடும், படத்தின் தெளிவுக்காக நான் அதைப் பொறுத்துக்கொள்வேன்.

என் கணக்கில் இங்கே தலைமுறையை விட மெமரிதான் முக்கியம். 3060 டிஐ-யில் 8 ஜிபி மட்டும், மற்ற இரண்டிலும் 8, 16 என்று இரு வகை. 3060 டிஐ-யிலிருந்து 8 ஜிபி 4060 டிஐ-க்கு மாறுவது வீண். மாறினால் 16 ஜிபி 5060 டிஐ, இல்லையென்றால் இருப்பதையே ஓட்டலாம். ஏஎம்டியின் 16 ஜிபி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி-யையும் ஒரு கண் பார்த்துவிடுங்கள். அதில் கார்டையும் மதர்போர்டையும் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன்கள் (தரவுப் பாதைகள்) 16, இந்த இரண்டு புதிய டிஐ-களிலும் 8 மட்டுமே. பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 மதர்போர்டில் செருகினால் 8 லேனின் வேகம் இன்னும் சுருங்கும். 8 ஜிபி நிரம்பி, டெக்ஸ்சர்களை (பொருட்களின் மேற்பரப்புப் படங்களை) கணினியின் சிஸ்டம் மெமரியிலிருந்து இழுக்க வேண்டி வரும்போது அந்தச் சுருக்கம் திரையில் வெட்டு வெட்டாகத் தெரியும்.

5060 டிஐ-யில் 8 ஜிபிக்கும் 16 ஜிபிக்கும் பெயர் ஒன்றுதான். பெட்டியில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணையும் படித்துவிட்டு வாங்குங்கள்.