பிளேயர் கேரக்டர்கள் கடவுளானால்: எந்த கேமைக் கையில் எடுப்பது?

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, டைஸ் உருட்டிக் கதை ஆடும் கேம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி). இன்றைய பதிப்பில் உச்சமான 20-ஆம் லெவலைத் தொட்ட கேரக்டருக்கு அப்புறம் என்ன வேலை? "கடவுளாக்கிடலாம்" என்று டேபிளில் யாராவது ஆரம்பிப்பார்கள். அதற்கென்றே எழுதப்பட்ட கேம்கள் பல இருக்கின்றன. ஒன்று போகிற திசையில் இன்னொன்று போவதில்லை. கோத்தகிரியில் மழை பிடித்துக்கொண்டால் மாலை முழுக்க டைஸ் உருட்டும் எங்களைப் போன்ற சின்ன கூட்டத்துக்கு எது தேறும் என்பதுதான் இங்கே கணக்கு.

என் அளவுகோல் ஒன்றுதான்: கடவுளான பிறகு அவரிடம் யார், என்ன கேட்டு வருகிறார்கள்? மனிதர் தெய்வமாவது நமக்குப் பழகிய விஷயம். நீலகிரியின் படுகர்கள் கும்பிடும் ஹெத்தையம்மன் ஒரு மூதாதைத் தாய். பேரகணியில் ஹெத்தை ஹப்பா திருவிழா அன்று வெள்ளை உடையில் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மலையிலிருந்து கீழே இறங்கினால் மதுரைவீரன். இந்தத் தெய்வங்களுக்கு ஊர் உண்டு, வேண்டுதல் உண்டு, நேர்த்திக்கடன் உண்டு. இன்னும் பெரிய டிராகனை அடிப்பது மட்டுமே கடவுள் வேலை என்றால் எனக்குச் சப்பென்று இருக்கிறது.

முதலில் பழைய டி அண்ட் டி. 1983-இல் தொடங்கிய, விதிப் புத்தகங்கள் அடங்கிய பெட்டி வரிசையில் கேரக்டர் 36 லெவல் வரை ஏறலாம். 1986-இல் ஃபிராங்க் மென்ட்சர் எழுதிய இம்மார்ட்டல்ஸ் பெட்டி அதற்கு மேலே தொடங்குகிறது. படிப்படியாக ஏறி அமரத்துவம் சம்பாதிப்பதில் ஒரு கம்பீரம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அவ்வளவு தூரம் ஏற வருஷக்கணக்காகும். அதற்குள் பாதிப் பேர் வேலை கிடைத்து கோயம்புத்தூருக்கு இறங்கிவிடுவார்கள்.

சயன் வேறு ரகம். நீங்கள் ஒரு கடவுளின் பிள்ளை. ஹீரோ, டெமிகாட், காட் என்று வளர்கிறீர்கள். தொடக்கம் நம் காலத்து ஊரிலேயே என்பதால் புதியவர்களுக்கு உடனே பிடிபடும். இரண்டாம் பதிப்பில் இந்து தெய்வங்களும் ஒரு குழுவாக வருகிறார்கள். அங்கேதான் எனக்குத் தயக்கம். சாமி அறைக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து "நான் முருகனோட பையன், ஒரு அட்டாக் போடுறேன்" என்று கத்த முடியுமா? எங்கள் வீட்டில் முடியாது.

எக்ஸால்டட் பிரம்மாண்டம். 2001-இல் வந்தது, முதல் செஷனிலேயே நீங்கள் சூரியனின் வீரர். மூன்றாம் பதிப்பின் புத்தகம் 600 பக்கத்துக்கு மேல், ஒவ்வொரு அடிக்கும் கை நிறைய பத்து முக டைஸ். படிக்க ஆசை, நடத்தப் பயம். நோபிலிஸில் டைஸே கிடையாது; காதல், நெருப்பு என்று ஏதாவது ஒன்றின் உருவமாகவே நீங்கள் இருப்பீர்கள். பேச்சில் கெட்டிக்காரர்கள் நாலு பேர் கிடைத்தால் அமர்க்களம். கூச்ச சுபாவமுள்ள ஒருவர் இருந்தால்கூட டேபிள் அமைதியாகிவிடும்.

நான் எடுப்பது காட்பவுண்ட். கெவின் கிராஃபோர்ட் எழுதி 2016-இல் வெளியானது. இலவசப் பதிப்பும் உண்டு. வானம், வளமை, மரணம் போன்ற 'வேர்ட்'களில், அதாவது கடவுளின் ஆளுகைத் துறைகளில், மூன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு முதல் லெவலிலேயே குட்டிக் கடவுளாக இறங்கலாம். ஆனால் என்னை வளைத்துப்போட்டது அந்த சக்திகள் அல்ல, உலகத்தை மாற்ற அது போடும் விலை.

ஒரு மலைக்கிராமத்து ஆட்கள் வருகிறார்கள்: "உறைபனி விழுந்து கொழுந்தெல்லாம் கருகுது சாமி, எங்க தோட்டத்துல மட்டும் விழாமப் பண்ணு." ஒரு கிராமம் என்றால் 1 புள்ளி. நடக்க வாய்ப்புக் குறைவான காரியம், அதனால் இரண்டால் பெருக்கு. ஆக 2. இன்ஃப்ளுயன்ஸ் என்ற தற்காலிகப் புள்ளிகளை அதில் கட்டி வைத்திருக்கும்வரை பனி விழாது, எடுத்தால் விழும். நிரந்தரமாக வேண்டுமானால் டொமினியன் என்ற இன்னொரு வகைப் புள்ளியைச் செலவழிக்க வேண்டும். இதையே ஒரு நாடு முழுக்கக் கேட்டால் 1 இருந்த இடத்தில் 8 வந்து உட்காரும். எதிர்க்கும் சக்தி ஏதாவது இருந்தால் விலை இன்னும் கூடும். அடுத்த வாரம் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து "அவங்களுக்கு மட்டும்தானா?" என்று நிற்கும்போது பிளேயரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! டொமினியன் செலவழிக்காமல் மேல் லெவல்களுக்குப் போகவும் முடியாது. புள்ளியைச் சேர்த்துவைத்துச் சும்மா இருக்கும் சாமிக்கு இந்த கேமில் வளர்ச்சி இல்லை.

குறை இல்லாமல் இல்லை. டேமேஜ் கணக்கு முதலில் குழப்பும்: டைஸில் 10 விழுந்தால் எதிரிக்கு 4 தான். சில்லறை எதிரிகள் ஊதினால் விழுந்துவிடுவதால் வழக்கமான சண்டைகள் சவசவ என்றிருக்கும். சண்டைக்காகவே வருகிற கூட்டம் என்றால், பக்கங்களைப் பொறுத்துக்கொண்டு எக்ஸால்டட்டுக்கே போகலாம்.

காட்பவுண்டை நடத்துபவர் முழுப் புத்தகத்தையும் பிரிண்ட் போட வேண்டாம். வேர்ட் பட்டியலும் டொமினியன் பகுதியும் ஆரம்பத்துக்குப் போதும். முதல் செஷனில் மான்ஸ்டரே வேண்டாம். நாலு ஊர்க்காரர்களை வேண்டுதலோடு அனுப்புங்கள், அதில் இரண்டு ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்ளட்டும்.