சிம்ப்சன் பாலைவனத்துக்கு வண்டியைத் தயார் செய்தல்: பணம் முதலில் எதற்குப் போக வேண்டும்?

ஆஸ்திரேலியாவின் நடுவில் இருக்கும் சிம்ப்சன் பாலைவனத்தை மேற்கிலிருந்து கிழக்காகக் கடப்பவர் 1,100 மணல்மேடுகளுக்கு மேல் ஏறி இறங்க வேண்டும். மேடுகள் எல்லாம் ஏறத்தாழ வடக்கு தெற்காக இணையாக நீண்டு கிடப்பதால் அவற்றைச் சுற்றிப் போக வழியில்லை. கிழக்கே போகப் போக அவற்றின் உயரம் கூடி, பேர்ட்ஸ்வில் ஊருக்கு முன்னால் நிற்கும் ‘பிக் ரெட்’ சுமார் 40 மீட்டர் உயரத்தை எட்டுகிறது. இந்த மணலைத் தொடுவதற்கு முன்பே, ஊட்னடாட்டா டிராக் போன்ற சாலைகளில் தகரக் கூரை போல வரிவரியாகப் பள்ளம் விழுந்த கல் தரையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடியாக வேண்டும். ஆக, வண்டி இரண்டு எதிரெதிரான சோதனைகளைச் சந்திக்கிறது. ஒன்றுக்கு உதவும் மாற்றம் மற்றதற்குக் கெடுதலாக முடியலாம் என்பதால், கடையில் கிடைக்கும் ஒவ்வொரு பொருளையும் இந்த இரண்டு தரைகளிலும் வைத்துப் பார்த்துத்தான் எடை போட வேண்டும்.

1962இல் புவியியலாளர் ரெக் ஸ்ப்ரிக், மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு ஒரு நிசான் பேட்ரோல் ஜி60 வண்டியில் இப்பாலைவனத்தைக் கடந்தார். மோட்டார் வண்டியில் நடந்த முதல் கடப்பு அதுவே. அன்று இல்லாத வசதிகள் இன்றைய சாதாரண டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கைகளும் பின்னால் சரக்குத் தட்டும் உள்ள) வண்டியிலேயே நிறைந்திருக்கின்றன. ஆகவே கேள்வி வண்டியால் முடியுமா என்பதைப் பற்றியதன்று. வண்டியையும் பாதையையும் சேதப்படுத்தாமல், பத்திரமாகக் கடக்க எந்தச் செலவு உதவும் என்பதைப் பற்றியது. பேச்சு தெளிவாக இருக்கும்பொருட்டு, 2015 முதல் விற்பனைக்கு வந்த தலைமுறையைச் சேர்ந்த டொயோட்டாவின் டீசல் ஹைலக்ஸ் டபுள் கேப்பை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் டயர். எல்லாத் தரைக்குமான ஆல் டெரெய்ன் வகையா, சேற்றுக்கான மட் டெரெய்ன் வகையா என்பது நெடுங்கால வாதம். மட் டெரெய்ன் டயரின் பெரிய பெரிய கட்டைகள் சேற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்காக அமைந்தவை. காய்ந்த மணலில் அதே குணம் பாதகமாகிறது: சக்கரம் சற்றுச் சுழன்றாலும் டயர் மணலைத் தோண்டிக்கொண்டு கீழே இறங்கிவிடும். ஆல் டெரெய்ன் டயர் மணலின் மேல் மிதந்து செல்லும்; கற்சாலையில் பிரேக் பிடிக்கும்போதும் நிதானமாக நிற்கும். மட் டெரெய்னுக்கு ஆதரவாக ஒரே ஒரு நியாயமான வாதம் உண்டு. அதன் பக்கச்சுவர் தடிமனானது என்பதால், சாலையின் கூரிய கற்களையும் காய்ந்த மரக்குச்சிகளையும் அது தாங்கும். ஆனால் எல்.டி. என்று குறிக்கப்படும், லாரி வகைக் கட்டமைப்புடைய ஆல் டெரெய்ன் டயரை வாங்கினால் அந்தப் பாதுகாப்பில் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது. என் தேர்வில் இங்கே தயக்கமில்லை: எல்.டி. கட்டமைப்புள்ள ஆல் டெரெய்ன்.

டயரின் அளவில்தான் பலர் வழி தவறுகிறார்கள். 265/65ஆர்17 (அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அந்த அகலத்தில் 65 விழுக்காடு, ரிம் 17 அங்குலம்) என்ற அளவுள்ள டயரின் விட்டம் 776 மில்லிமீட்டர். 265/70ஆர்17க்கு மாறினால் அது 803 ஆகிறது. சக்கரங்களைத் தாங்கும் தண்டான ஆக்சில் தரையிலிருந்து 13 மில்லிமீட்டர் உயர்கிறது. 285/70ஆர்17க்குப் போனால் விட்டம் 831 ஆகி, முதல் அளவைவிட 55 மில்லிமீட்டர் கூடிவிடுகிறது. பொறியாளரின் சான்று இல்லாமல் 50 மில்லிமீட்டருக்கு மேல் விட்டத்தைக் கூட்ட ஆஸ்திரேலிய மாற்ற விதிகள் பொதுவாக இடம் தருவதில்லை. பெரிய டயர் கனமானது. கியர் விகிதத்தை உயர்த்தி மணலில் எஞ்சினைத் திணற வைக்கும். எரிபொருளையும் கூடுதலாகக் குடிக்கும். உயரத்தைவிட மணலில் முக்கியமானது பக்கச்சுவரின் நீளம். 18 அங்குல ரிம்மில் வரும் 265/60 டயரின் பக்கச்சுவர் 159 மில்லிமீட்டர்தான். 17 அங்குல ரிம்மில் 265/70 டயருக்கு அது 185க்கு மேல். காற்றைக் குறைக்கும்போது மடங்கி விரிந்துகொடுக்கும் அந்தச் சதைதான் வண்டியை மணலில் மிதக்க விடுகிறது. எனவே ரிம்மைச் சிறிதாக்கி, பக்கச்சுவரை உயர்த்துவது டயரைப் பெரிதாக்குவதைக் காட்டிலும் பயனுள்ள மாற்றம் என்பேன்.

எந்த டயரானாலும் காற்றழுத்தத்தைக் குறைக்காவிட்டால் அதற்குக் கொடுத்த பணம் வீண். பாரம் ஏற்றிய வண்டி தார்ச்சாலையில் 38 முதல் 40 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) வரை வைத்துக்கொண்டு ஓடும். கற்சாலைக்கு வந்ததும் 28 அளவுக்கு இறக்கி, வேகத்தையும் மணிக்கு 80 கிலோமீட்டருக்குள் கட்டுப்படுத்தினால், கல் பட்ட இடத்தில் டயர் வெட்டுப்படுவதற்குப் பதிலாக வளைந்துகொடுக்கும். மணலில் 16 முதல் 18 போதும். புதைந்துவிட்டால் இன்னும் இறக்கலாம். ஆனால் அந்த அழுத்தத்தில் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும். அழுத்தத்தைக் குறைக்காமல், வேகத்தை மட்டும் நம்பி ஏறுபவர்களின் சக்கரங்கள் சுழன்று சுழன்றுதான் மேடுகளின் மேற்குச் சரிவில் குழிகள் உண்டாகின்றன. பின்னால் வருகிற ஒவ்வொரு வண்டியும் அந்தக் குழிகளில் துள்ளித் துள்ளியே ஏற வேண்டியிருக்கிறது. துல்லியமான அழுத்தமானியும் தரமான 12 வோல்ட் கம்ப்ரெசரும் இந்தப் பயணத்தில் வேறெந்தப் பொருளுக்கும் முன்னால் வாங்கத்தக்கவை.

அடுத்தது, ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் எண்ணெய்க் குழாயான ஷாக் அப்சார்பர். வரிப்பள்ளச் சாலையில் பிஸ்டன் ஓயாமல் மேலும் கீழும் ஓடுவதால் உள்ளிருக்கும் எண்ணெய் கொதிநிலையை நோக்கிச் சூடேறி, நுரைத்து, தன் வேலையை விட்டுவிடுகிறது. பின்பக்கம் வாலாட்டத் தொடங்கினால் அதற்குக் காரணம் இதுவாகவே இருக்கும். இங்கே நான்கு வகைகள் போட்டியிடுகின்றன. மோனோ டியூப் வகையில் எண்ணெய் வெளிச்சுவரை நேரடியாகத் தொட்டுக்கொண்டிருப்பதால் சூடு விரைவில் காற்றுக்குப் போய்விடும். ஆனால் சக்கரம் எறியும் கல் அந்தச் சுவரில் ஒரு நசுங்கலை உண்டாக்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். ட்வின் டியூப் வகையில் உள்குழாயை வெளிக்குழாய் காப்பதால் கல்லடி பொருட்டில்லை. சூடு வெளியேறுவது தாமதமாகும். வெளிக்குழாயில் வாயுவுக்குப் பதில் நுரைப்பஞ்சு வைத்த ஃபோம் செல் வகை, பெரிய உடலும் அதிக எண்ணெயும் கொண்டது. காற்று எண்ணெயில் கலக்காததால் நுரைப்பதும் குறைவு. தனிக்குப்பியோடு வரும் ரிமோட் ரிசர்வாயர் வகை இன்னும் குளிர்ச்சியாக ஓடும் என்றாலும், விலையும் அதிகம், கல்லடி படக்கூடிய இடத்தில் அதன் குழாய்கள் தொங்கவும் செய்கின்றன. நிதானமான வேகத்தில், பாரத்தோடு, நாள்கணக்கில் ஓடும் பயணத்துக்கு ஃபோம் செல் வகையே பொருத்தம். பந்தய வேகத்தில் ஓடுபவரின் தேவை வேறு.

ஸ்பிரிங் தேர்வில், வண்டியில் உண்மையில் இருக்கும் பாரத்துக்கேற்ப வாங்குவதுதான் முறை. என்றைக்காவது ஏற்றலாம் என்று நினைத்து 500 கிலோ கூடுதல் பாரத்துக்கான லீஃப் ஸ்பிரிங்கை (பட்டை அடுக்கு ஸ்பிரிங்கை) மாட்டிவிட்டு வெறும் வண்டியாக ஓட்டினால், பின்சக்கரங்கள் வரிப்பள்ளங்களின் மேல் குதித்துத் தரைப்பிடிப்பை இழக்கும். தாழ்ந்து போன பின்பக்கத்தைத் தூக்க, ஸ்பிரிங்குக்கு மேலே காற்றுப் பை வைப்பது மலிவான வழியாகத் தோன்றும். ஸ்பிரிங்கின் இரு முனைகளும் பகிர்ந்து தாங்க வேண்டிய பாரத்தை அந்தப் பை, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸின் ஒரே புள்ளியில் குவிக்கிறது. பின் ஆக்சிலுக்கு அப்பால் கனத்தை ஏற்றிய டபுள் கேப் வண்டிகளின் சேஸிஸ் அந்த இடத்தில் வளைந்துபோன நிகழ்வுகள் ஆஸ்திரேலியாவில் ஏராளம். பாலைவனப் பயணத்துக்குக் காற்றுப் பையை நான் பரிந்துரைக்க மாட்டேன். உயர்த்தலைப் பொறுத்தவரை 40 முதல் 50 மில்லிமீட்டர் போதும். மேட்டின் உச்சியில் வண்டியின் வயிறு தட்டாமல் இருக்க அது உதவும். அதற்கு மேல் உயர்த்தினால், சரிவில் குறுக்காக நிற்கும்போது கவிழும் ஆபத்துதான் கூடும்.

இனி எடை. மேலே சொன்ன ஹைலக்ஸின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,050 கிலோ. வெற்று வண்டியின் எடையைக் கழித்தால் கைவசம் இருப்பது ஏறத்தாழ 950 கிலோ. இரண்டு பெரியவர்களுக்கு 160, முன்பக்கக் காப்புச் சட்டமான புல் பாருக்கும், வடம் சுற்றி வண்டியை இழுக்கும் வின்ச்சுக்கும் 90, பின் கூண்டுக்கும் இழுப்பறைகளுக்கும் 180, உணவோடு ஃபிரிட்ஜுக்கு 50, 60 லிட்டர் தண்ணீர், 60 லிட்டர் கூடுதல் டீசலுக்கு 50, இரண்டாவது ஸ்டெப்னிக்கு 35, கூரைக் கூடாரத்துக்கும் அதன் தாங்கிக்கும் 85, இரண்டாவது பேட்டரிக்கு 25 என்று தோராயமாகக் கூட்டினாலே 735 ஆகிறது. கருவிகள், துணிமணி, சமையல் சாமான், மற்ற உணவு எல்லாம் இன்னும் ஏறவில்லை. மணலில் ஒவ்வொரு கிலோவும் சக்கரத்தை ஆழமாக அழுத்துகிறது. அனுமதி எடையை உயர்த்தும் ஜி.வி.எம். மேம்பாட்டை வாங்கிச் சட்டச் சிக்கலைத் தீர்க்கலாம். அதனால் மணல் இளகிவிடாது. கூரைக் கூடாரத்தை விட்டுவிட்டுத் தரையில் துணிப்படுக்கை விரிப்பது, இரும்பு இழுப்பறைகளுக்குப் பதில் பிளாஸ்டிக் பெட்டிகளைக் கட்டுவது ஆகிய இரண்டும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல் மிச்சப்படுத்தும். செலவில்லாத மேம்பாடு இதுதான்.

ஒரே ஆக்சிலின் இரு சக்கரங்களையும் சேர்ந்தே சுழல வைக்கும் டிஃப் லாக் வேண்டுமா, வண்டியோடு வரும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் போதுமா என்ற கேள்விக்கு, குழி விழுந்த மேற்குச் சரிவுதான் விடை சொல்கிறது. ஒரு சக்கரம் காற்றில் தூக்கும்போது டிராக்‌ஷன் கன்ட்ரோல் அதற்கு பிரேக் போட்டு மறுபக்கச் சக்கரத்துக்கு விசையை அனுப்புகிறது. கற்பாதையில் இது அருமையாக வேலை செய்யும். மணலில் அந்த பிரேக், ஏறிக்கொண்டிருக்கும் வண்டியின் ஓட்டத்தையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது. பின் ஆக்சிலில் டிஃப் லாக் இருந்தால் குறைந்த வேகத்தில், குதிக்காமல், பாதையைச் சிதைக்காமல் ஏறலாம். இந்த ஹைலக்ஸின் பல ரகங்களில் அது ஆலையிலிருந்தே வருகிறது. முன் ஆக்சிலுக்கும் ஒன்று வாங்குவது இந்தப் பாதைக்குத் தேவையற்ற செலவு. அது ஸ்டீயரிங்கையும் கனமாக்கும்.

எஞ்சினுக்கான காற்றைக் கூரை உயரத்தில் உள்ளிழுக்கும் குழாயான ஸ்நார்க்கல் தூசியைச் சற்றுக் குறைக்கும். மாற்று ஏர் ஃபில்டர் ஒன்றைக் கையோடு வைத்திருப்பது அதைவிட மலிவு. ரேடியேட்டருக்கு முன்னால் கட்டும் புல்விதை வலையை மட்டும் யாரும் தவிர்க்கக் கூடாது. ஸ்பினிஃபெக்ஸ் புல்லின் விதைகள் ரேடியேட்டரை அடைத்து எஞ்சினைச் சூடாக்கிவிடும். அதே புல் புகைக்குழாயின் மேல் சேர்ந்தால் தீப்பிடிக்கும் என்பதால், வண்டி நிற்கும்போதெல்லாம் குனிந்து அடியில் பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

புதைந்தால் மீள்வதற்கு வின்ச்சைவிட மீட்புப் பலகைகளே மேல். வின்ச்சைக் கட்ட ஏதாவது ஒரு பிடிமானம் வேண்டும். மணல்மேட்டின் உச்சியில் மரம் இருக்காது. இரண்டு பலகைகளை ஒருவர் தூக்கிச் சென்று சக்கரத்தடியில் சொருகிவிடலாம். இன்னொரு வண்டி இழுத்தால், சேஸிஸில் போல்ட் போட்டுப் பொருத்திய, தாங்கும் எடை குறிக்கப்பட்ட கொக்கியில் மட்டுமே பட்டையை மாட்ட வேண்டும். டிரெய்லர் இழுக்கும் பந்துமுனையில் மாட்டி, அது பிய்த்துக்கொண்டு பறந்து உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக எரிபொருள். பாலைவனத்தின் மேற்கே இருக்கும் மவுண்ட் டேரில் டீசல் நிரப்பிப் புறப்பட்டால், ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பேர்ட்ஸ்வில் வரை நிரப்ப இடமே இல்லை. மணலில் 100 கிலோமீட்டருக்கு 18 லிட்டர் என்று வைத்தாலும் 90 லிட்டர் வேண்டும். ஹைலக்ஸின் டேங்க் 80 லிட்டர்தான். நீண்ட தூர டேங்க் கனத்தைத் தாழ்வாக, ஆக்சில்களுக்கு இடையே வைக்கும். விலை மட்டும் கடினம். 20 லிட்டர் ஜெரி கேன்கள் மலிவானவை. அவற்றைக் கூரையில் ஏற்றாமல், டிரேயின் (பின் சரக்குத் தட்டின்) முன்பக்கத்தில் கேபினை ஒட்டிக் கட்ட வேண்டும். வாழ்நாளில் ஓரிரு முறை கடக்கப்போகிறவருக்கு மூன்று ஜெரி கேன்கள் போதும். 1960களில் எண்ணெய் தேடியவர்கள் போட்ட நேரான பிரெஞ்ச் லைன் பாதையை விட்டு, அதைவிட நீளமான ரிக் ரோடு வழியாகப் போக நினைப்பவர் நான்காவது கேனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.