சாவியோடு வந்த கோப்பு: எங்கள் குடியிருப்பை ஒப்படைத்த விதம் குறித்து

கட்டுமான நிறுவனங்களைப் பற்றி வீடு வாங்கியவர்கள் எழுதும் மதிப்புரைகளில், டைல்ஸ் எப்படி, பூச்சு எப்படி, சொன்ன தேதியில் சாவி கிடைத்ததா என்பவைதாம் பெரும்பாலும் இருக்கும். அந்த வகையில் இந்த நிறுவனத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வேலை நன்று, தேதி தள்ளிப்போனது. ஆனால் வேலை முடிந்து அவர்கள் சைட்டைக் காலிசெய்த விதம் தனியாகப் பேசத்தக்கது. சென்னையின் தென்புறநகரில் அவர்கள் கட்டிய எங்கள் குடியிருப்பின் உரிமையாளர் சங்கச் செயலாளர் என்ற முறையில், அவர்கள் ஒப்படைத்த ஆவணங்களை அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டிய தேவை எனக்கு இருக்கிறது.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, தேவையான ஆவணங்களையும் வரைபடங்களையும் உரிமையாளர் சங்கத்திடம் ஒப்படைப்பது கட்டுநரின் பொறுப்பு என்கிறது. நடைமுறையில் பல குடியிருப்புகளுக்குக் கிடைப்பது, அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலும் சில ரசீதுகளும் அடங்கிய ஒரு பிளாஸ்டிக் உறைதான். அனுமதி வரைபடம் கட்டத் தொடங்கும் முன் போடப்பட்டது. சுவருக்குள் குழாய் உண்மையில் எந்த வழியாகப் போகிறது என்று அதைப் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது. இந்த நிறுவனமோ, கட்டி முடித்த நிலையை அப்படியே காட்டும் வரைபடங்களைத் தளவாரியாகத் தனித்தனியே தந்திருக்கிறது: குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்சாரம், தீயணைப்பு என ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள்.

வரைபடங்களைவிட எனக்குப் பெரிதாகப் படுபவை புகைப்படங்கள். பூச்சு வேலைக்கு முன்பு, ஒவ்வொரு குளியலறைச் சுவரையும் சமையலறைச் சுவரையும் நேர் எதிரே நின்று படமெடுத்திருக்கிறார்கள். சுவரில் வீட்டு எண்ணும் தேதியும் சாக்பீஸால் எழுதப்பட்டிருக்கின்றன. கதவு நிலையிலிருந்து ஒரு டேப்பும் தரையிலிருந்து ஒரு டேப்பும் விரித்துப் பிடிக்கப்பட்டு, குழாய் வளையும் இடத்தின் அளவு படத்திலேயே தெரிகிறது. மூன்றாம் மாடியில் ஒரு வீட்டின் குளியலறைச் சுவர் ஓதம் காத்தபோது, இந்தக் கட்டடத்துக்குள் அதுவரை கால்வைத்திராத ஒரு பிளம்பரிடம் அந்தப் படத்தைக் காட்டினோம். அவர் அளந்து பார்த்து ஒரே ஒரு டைலை வெட்டினார். கசிந்துகொண்டிருந்த எல்போ, அதாவது குழாயின் வளைவு இணைப்பு, அதன் பின்னால் இருந்தது. படம் இல்லாத இடங்களில் பாதிச் சுவரை உடைத்த பிறகுதான் இது தெரியவரும், பிறகு அதே நிறத்தில் டைல் தேடி அலைய வேண்டியிருக்கும். (டைலின் பெயரும் ஷேடு எண்ணும்கூடக் கோப்பில் இருக்கின்றன, ஒவ்வொரு வகையிலும் இரண்டு பெட்டி டைல்களை மீட்டர் அறையில் வைத்துவிட்டும் போயிருக்கிறார்கள்.)

இத்தகைய கோப்பைக் கடைசி வாரத்தில் உட்கார்ந்து தயாரித்துவிட முடியாது. பூச்சு ஏறிய பிறகு எடுக்க முடியாத படங்கள் அவை. வேலை நடக்கும்போதே, அன்றன்றைக்கு யாரோ ஒருவர் பொறுப்பேற்றுச் செய்திருக்க வேண்டும். எங்கள் சைட்டில் இருந்த பொறியாளர் இப்போது அந்த நிறுவனத்திலேயே இல்லை. அவரைத் தேட வேண்டிய அவசியம் எங்களுக்கு இதுவரை வரவில்லை என்பதை நான் பாராட்டாகவே சொல்கிறேன்.

குறைகளும் உண்டு, அவை சிறியவை அல்ல. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். எங்கள் வளாகத்திலும் சேகரிப்புக் குழிகள் இருக்கின்றன, ஆனால் அவற்றின் மீது பேவர் பிளாக் பதித்துவிட்டார்கள், கோப்பில் அவற்றுக்கு வரைபடம் இல்லை. தூர்வார ஆள் வந்தபோது காவலாளியின் நினைவை நம்பிக் கற்களைப் பெயர்க்க நேர்ந்தது. மொட்டைமாடி நீர்க்கசிவுத் தடுப்புக்கான உத்தரவாதப் பத்திரம் கட்டுநரின் பெயரிலேயே இருக்கிறது. சங்கத்தின் பெயருக்கு மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்டும் இன்னும் நடக்கவில்லை. போர்வெல்லின் ஆழம் குறிக்கப்பட்டுள்ளது, மோட்டார் எந்த ஆழத்தில் இறக்கப்பட்டுள்ளது என்பது குறிக்கப்படவில்லை; கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது நமக்குத் தேவைப்படுவது இரண்டாவது எண்தான். பென் டிரைவில் தந்த கோப்புகளுக்கு ‘பைனல்’, ‘பைனல் நியூ’ என்றெல்லாம் பெயர் வைத்திருப்பதால் எது கடைசி வடிவம் என்று தேதியைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

ஒப்படைப்புக்குப் பிறகு ஒருநாள், ஸ்னாக் லிஸ்டில் (சரிசெய்ய வேண்டிய சில்லறைக் குறைகளின் பட்டியலில்) இருந்த வேலைகள் முடிந்ததும், அவர்களாகவே குடியிருப்போரைக் கூட்டி, கட்டடத்தில் பயன்படுத்தச் சிரமமாக இருப்பவை எவை என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். குழாய் செல்லும் ஷாஃப்டின் கதவு மிகச் சிறியது, ரெஞ்சைத் திருப்பக்கூட இடமில்லை என்று நாங்கள் சொன்னோம். எங்கள் கட்டடத்தில் அது மாறவில்லை. ஆனால் அதே நிறுவனத்தின் அடுத்த குடியிருப்பில் உறவினர் ஒருவருக்காக வீடு பார்க்கப் போனபோது, அந்தக் கதவு ஆள் தோள் நுழையும் அகலத்தில் இருந்ததைக் கண்டேன். எங்கள் புகாரின் பலன் வேறொருவருக்குப் போனதில் எனக்குச் சிறு பொறாமையும் உண்டு.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். இவர்களிடம் வீடு வாங்க எண்ணுகிறவர்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே, மழைநீர்க் குழிகளின் வரைபடத்தையும் உத்தரவாதங்கள் சங்கத்தின் பெயருக்கு மாற்றப்படும் என்ற வாசகத்தையும் எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். கட்டுமானம் நடக்கும்போதே உங்கள் வீட்டுச் சுவர்களின் படங்களை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், கேட்டவர்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.