ரீஃபர்பிஷ்டு ஹார்ட் டிஸ்க்கில் ரூ.46,500 போனது: சேலத்து வீடியோகாரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கல்யாண வீடியோ எடுப்பவர்கள், சி.சி.டி.வி. பொருத்துகிறவர்கள், பல வருடப் படங்களை ஒரே இடத்தில் சேமித்து வைக்க நினைப்பவர்கள் ஆகியோர் இதைத் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். இணையச் சந்தை ஒன்றில் 16 டி.பி. ரீஃபர்பிஷ்டு (பயன்படுத்தியதைச் சோதித்து மறுபடி விற்கும்) ஹார்ட் டிஸ்க் மூன்றை, ஒன்று ரூ.15,500 வீதம் ரூ.46,500 கொடுத்து வாங்கினேன். இன்று அவற்றில் ஒன்றைக்கூட நம்பி ஒரு கோப்பை வைக்க முடியாது. நேற்று மாலை அந்தச் சந்தையிடமிருந்து ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்திருக்கிறது. எதைத் தீர்த்தார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம். வாங்கும் முன் பார்க்க வேண்டியவற்றை இறுதியில் ஒவ்வொன்றாக விளக்குகிறேன்; முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அஸ்தம்பட்டியில் சிறிய ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். இரண்டு கேமரா, ஒரு டிரோன் என்று 4கே தரத்தில் எடுத்தால் ஒரு கல்யாணத்துக்கே அரை டி.பி.க்கு மேல் இடம் வேண்டியிருக்கிறது. ஆல்பம் கொடுத்த பிறகும், பெயர் சூட்டு விழாவுக்கு வந்து நிற்கும்போது கல்யாண வீடியோவின் இன்னொரு பிரதி கேட்பவர்கள் உண்டு என்பதால் எதையும் அழிக்க முடிவதில்லை. ஆடியில் வேலை குறைவு, ஆவணி முகூர்த்தங்கள் தொடங்குவதற்குள் சேமிப்பை ஒழுங்கு செய்துவிடலாம் என்றுதான் தேடினேன். புதிய டிஸ்க் வாங்கினால் கிட்டத்தட்ட இரு மடங்கு விலை. டேட்டா சென்டர்களில் சில ஆண்டுகள் ஓடியபின் மொத்தமாகக் கழித்துவிடும் டிஸ்க்குகளைச் சோதித்து, நல்லவற்றைப் பிரித்து விற்பது உலகெங்கும் நடக்கும் முறையான வியாபாரம்தான். பழைய பொருள் வந்தது என்பது என் புகாரே அல்ல. அதன் வயதை அழித்து விற்றார்கள் என்பதே என் புகார்.

பட்டியலில் இருந்த ‘விற்பனையாளரிடம் கேளுங்கள்’ என்பதை அழுத்திச் சந்தேகம் கேட்டதும் அவர்களே தொலைபேசியில் அழைத்தார்கள். பேசியவர் நம் பக்கத்துப் பேச்சில் வரிக்கு வரி ‘அண்ணா’ போட்டார். ஆறு டிஸ்க் வேண்டும் என்று நான் சொன்னபோது, “ஏனுங்கண்ணா, ஒரேயடியா ஆறு எடுக்கறீங்க? இப்போதைக்கு மூணு எடுங்க, ஓட்டிப் பாருங்க, திருப்தியா இருந்தா மீதியைப் போடறேன்” என்றார். கையில் வருகிற பணத்தை வேண்டாம் என்று சொல்கிற வியாபாரியை நம்பாமல் வேறு யாரை நம்புவது? டிஸ்க் 212 மணி நேரம் மட்டுமே ஓடியிருப்பதாகவும் நலம் ‘நன்று’ என்பதாகவும் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இரண்டு வருட வாரண்டி, ஜி.எஸ்.டி. பில் இரண்டும் உண்டு என்றார். அன்றிரவே பணத்தைக் கட்டினேன்.

பெட்டி வந்தது. கணினியில் பொருத்தினால் மூன்றும் சுழலவே இல்லை. அழைத்தவுடன் எடுத்தார்; பதற வேண்டாம் என்றார். சர்வர்களுக்கான இவ்வகை டிஸ்க்குகள் பலவற்றில் மின் இணைப்பின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் அணைந்தே இருக்கும். அந்த ஒரு பின்னை மட்டும் கேப்டன் டேப்பால் (மின்சாரம் கடத்தாத ஒட்டு நாடா) மூடுங்கள், அல்லது 3.3 வோல்ட் வராத மோலெக்ஸ் கன்வெர்ட்டர் போடுங்கள் என்று பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னது முழுக்க உண்மை. டேப் ஒட்டியதும் மூன்றும் ஓடின, 16 டி.பி. என்பது விண்டோஸில் 14.5 என்று தெரிந்தது. (அது மோசடியல்ல, கணக்கிடும் முறை வேறு. அதற்காக யாரையும் திட்ட வேண்டாம்.) விஷயம் தெரிந்தவர் என்ற மரியாதை அந்த நிமிடத்தில் எனக்கு வந்துவிட்டது. அந்த மரியாதை இருந்த சூட்டிலேயே அவர் அடுத்ததைச் சொன்னார்: “ஹீலியம் டிஸ்க்குங்கண்ணா, முதல் பத்து நாள் மெதுவா ஓட விடுங்க, டெஸ்ட் கிஸ்ட்டுனு போட்டு அடிச்சிராதீங்க, செட் ஆகட்டும்.” அந்தச் சந்தையில் பொருளைத் திருப்பி அனுப்பும் கெடு ஏழு நாள். ஹீலியம் வாயு நிரப்பி மூடிய டிஸ்க்குக்கு அப்படி ‘செட் ஆகும்’ காலம் எதுவும் கிடையாது. உண்மையான தகவல் ஒன்றைக் கொடுத்து, அதன் முதுகில் பொய்யான தகவல் ஒன்றை ஏற்றி அனுப்பிய இந்த நுட்பத்தைத்தான் இன்றுவரை என்னால் சீரணிக்க முடியவில்லை.

கெடு முடிந்த பிறகு முழு அளவில் கோப்புகளை ஏற்றத் தொடங்கினேன். வினாடிக்கு 200 எம்.பி.க்குக் குறையாமல் போய்க்கொண்டிருந்த வேகம் திடீரென்று கே.பி. கணக்குக்கு இறங்கியது, உள்ளிருந்து சீரான இடைவெளியில் ‘டக்… டக்’ என்று சத்தம் வந்தது. டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 197 என்று எண்ணிட்ட வரியில், அதாவது படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின் (டிஸ்க்கின் சிறு சேமிப்புப் பகுதிகளின்) எண்ணிக்கையில், முதலில் 8 இருந்தது. பிறகு 56 ஆகி, பிறகு 312 ஆனது. ஜங்ஷன் பக்கம் சர்வர் பராமரிக்கும் நண்பர் ஒருவர் வந்து பார்த்து, ஸ்மார்ட்டில் உள்ள மணிக்கணக்கைப் பூஜ்யமாக்குவது சுலபம், ஆனால் இந்த டிஸ்க்கில் ஃபார்ம் என்ற இன்னொரு உள்பதிவு இருக்கிறது என்று அதைத் திறந்தார். அங்கே 41,000 மணி நேரத்துக்கு மேல் இருந்தது. ஆண்டுக்கு 8,760 மணி என்று வகுத்துப் பாருங்கள். நாலரை வருடத்துக்கு மேல் இரவு பகலாகச் சுழன்ற டிஸ்க் அது. 212 மணி நேரம் என்று என்னிடம் விற்றார்கள். 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் புதியவை என்று விற்கப்பட்ட சீகேட் டிஸ்க்குகள் பல ஆயிரம் மணி நேரம் ஓடியவை என்று வெளிச்சத்துக்கு வந்ததும் இதே பதிவை வைத்துத்தான் என்றும், 2021-இல் சியா கிரிப்டோ நாணயத்துக்காக வாங்கிக் குவித்த டிஸ்க்குகளாக அவை இருக்கலாம் என்று அப்போது பேசப்பட்டது என்றும் நண்பர் சொன்னார்.

அதன் பிறகு டிஸ்க்கையே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ஸ்டிக்கரின் ஒரு மூலை லேசாகத் தூக்கியிருந்தது. நகத்தால் நெம்பினால் அடியில் பழைய ஸ்டிக்கரின் கிழிந்த விளிம்பும் காய்ந்த பசையும் இருந்தன. கணினியோடு இணைக்கும் சாட்டா முனையின் தங்க நிறப் பற்களில், மாட்டி மாட்டிக் கழற்றியதால் விழுந்த கோடுகள் பற்களின் அடிவரை ஓடின. ஸ்டிக்கரில் அச்சிட்டிருந்த வரிசை எண் ஒன்று, டிஸ்க் தானே கணினிக்குச் சொல்லும் வரிசை எண் வேறொன்று. இரண்டாவதைத் தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் போட்டால், வாங்கிய இடத்தை அணுகவும் என்று வருகிறது.

வாங்கிய இடத்தை அணுகிய கதை இது. ‘அண்ணா’ என்றவர் ‘சார்’ ஆனார். முதலில் கூரியர்காரர் பெட்டியைப் போட்டிருப்பார் என்றார். பிறகு என் கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி சரியில்லை என்றார். பிறகு ஓனர் திருப்பதி போயிருக்கிறார், வந்ததும் பேசச் சொல்கிறேன் என்றார். அந்த ஓனர் இன்னும் மலையிறங்கவில்லை. வாரண்டி மோட்டாருக்கு மட்டும்தான், செக்டருக்குக் கிடையாது என்று வேறொரு குரல் சொன்னது. கடைசியாக, பில்லில் வரிசை எண் இல்லையே, இது எங்கள் டிஸ்க்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். எடுத்துப் பார்த்தால் ஜி.எஸ்.டி. பில் என்று அனுப்பியது வெறும் எஸ்டிமேட்; ‘கம்ப்யூட்டர் உதிரிபாகம் – 3, ரூ.46,500’ என்று ஒரே ஒரு வரி, ஜி.எஸ்.டி. எண்கூட இல்லை. சந்தைக்காரர்களைக் கேட்டால் கெடு முடிந்துவிட்டது, வாரண்டி விற்பனையாளருடையது என்கிறார்கள். விற்பனையாளரைக் கேட்டால் பணம் அவர்களிடம்தானே கட்டினீர்கள் என்கிறார். இந்த இழுபறிக்கு நடுவில்தான் அந்த ‘தீர்க்கப்பட்டது’ வந்தது.

ரூ.46,500 ஒரு பக்கம் இருக்கட்டும். ஏற்காட்டில் லேடீஸ் சீட்டிலும் பகோடா பாயிண்டிலும் ஒரு ஜோடிக்கு எடுத்த அவுட்டோர் முழுவதும் அதில் இருந்தது. வழக்கம்போல இரண்டு பிரதி போட்டு, சரிபார்த்த பின்தான் மெமரி கார்டை அழித்தேன். இரண்டு பிரதியும் ஒரே கூட்டத்தில் வந்த இரண்டு டிஸ்க்கில் இருந்தன, இரண்டும் ஒரே வாரத்தில் படுத்துவிட்டன. ஒரே வயதும் ஒரே உழைப்பும் கொண்ட டிஸ்க்குகள் சேர்ந்தே சாவது இத்துறையில் புதிதல்லவாம். மீட்டுத் தருபவரிடம் காட்டினால், ஹீலியம் டிஸ்க்கை இங்கே திறக்க முடியாது, வெளியூருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லி, டிஸ்க் விலையைத் தாண்டிய ஒரு தொகையைக் கேட்டார். அந்தப் பெண்ணின் அப்பாவிடம் இன்னும் விஷயத்தைச் சொல்லவில்லை.

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்ன அறிவுரைகளை எழுத இப்போது பொறுமை இல்லை. அவசியமானவற்றை மட்டும் சொல்கிறேன். வரிசை எண் எழுதாத பில்லுக்குப் பணம் கட்டாதீர்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே அந்த எண் தெரியும்படி வீடியோ எடுங்கள். வந்த அன்றே முழு டிஸ்க்கையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள், 16 டி.பி.யை ஒருமுறை எழுதி முடிக்கவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், தள்ளிப்போட்டால் கெடு ஓடிவிடும். ‘டெஸ்ட் செய்யாதீர்கள்’ என்று சொல்பவரிடம் அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சீகேட் டிஸ்க்காக இருந்தால் ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளின் 7.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் ஃபார்ம் பதிவைப் பாருங்கள். இரண்டு பிரதிகளையும் ஒரே கூட்டத்து டிஸ்க்கில் வைக்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டேன். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, சந்தையின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரை ஏற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. ஸ்டிக்கர் படங்களையும் ஃபார்ம் பதிவையும் அச்செடுத்து மனுவோடு இணைக்க வேண்டியிருக்கிறது. அதே விற்பனையாளரிடம் வாங்கியவர்கள் யாராவது சேலத்தில் இருந்தால் உங்கள் பில்லை எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தகவல் கொடுங்கள், ரூ.46,500-ஐ நான் விடுவதாக இல்லை.