ஏற்காட்டு நர்சரியின் ஆரிகானோ: தாய்ச்செடியாக வாங்கத் தகுந்ததா?

ஏற்காடு ஏரிக்கரைச் சாலையிலிருந்து பிரிந்து மேலேறும் ஒரு கிளைச்சாலையில், பெயர்ப்பலகைகூட இல்லாமல் நிழல்வலைக் கூரையின் கீழ் இயங்கும் சிறு நர்சரி ஒன்றில் கிடைக்கும், பீட்சாவின் மேல் தூவப்படும் வாசனை இலையான ஆரிகானோவின் செடியைப் பற்றியது இந்த மதிப்புரை. காப்பி நாற்று, மிளகுக் கொடி, ஜெரேனியம், ஆந்தூரியம் ஆகியவைதான் அங்கே முதன்மையான வியாபாரம். வாசனை இலைச் செடிகளுக்கு ஒதுக்கப்பட்டிருப்பது ஒரு மூலை மட்டுமே. ஆனால் ஆரிகானோவை வீட்டில் வைத்து வளர்க்கவும், அதிலிருந்து குச்சி வெட்டிப் பெருக்கவும் விரும்புகிற சேலத்துக்காரர்கள் அந்த மூலைக்காகவே மலையேறிப் போகலாம் என்பது என் முடிவு. அதற்கான காரணங்களையும் நிபந்தனைகளையும் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் ஆரிகானோ என்ற பெயரில் நம் பக்கம் விற்கப்படுபவை எல்லாம் ஆரிகானோ அல்ல.

சேலம் நகரில் நான் விசாரித்த சில இடங்களில் ஆரிகானோ என்று எடுத்துக் கொடுக்கப்பட்டது ஓமவல்லி. சளி பிடித்தால் கஷாயம் வைப்பதற்கு நாம் கிள்ளுகிற அதே கற்பூரவல்லி. இதை ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. வெளிநாடுகளில் அதற்குக் கியூபன் ஆரிகானோ என்றே ஒரு பெயர் உண்டு. இரண்டும் துளசி, புதினா அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தவை. கார்வக்ரால் என்னும் வாசனைப் பொருள் இரண்டின் எண்ணெயிலும் இருப்பதால், கசக்கி முகர்ந்தால் ஓரளவு ஒத்த மணமும் எழும். ஆயினும் பார்வையிலேயே பிரித்தறியலாம். ஓமவல்லியின் இலை தடித்து, சதைப்பற்றோடு, விளிம்பு முழுவதும் வெட்டுப்பற்களோடு இருக்கும். ஆரிகானோவின் இலை மெல்லியது, முட்டை வடிவானது, பெரும்பாலும் நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு உட்பட்டது, தண்டில் எதிரெதிராக இணைசேர்ந்து வருவது. இன்னொரு குழப்பம் மருவால் வருகிறது. பூ மார்க்கெட்டில் கதம்பத்துக்காகக் கட்டுக்கட்டாக வந்து இறங்கும் மரு, ஒரிகனம் என்ற அதே பேரினத்தைச் சேர்ந்த நெருங்கிய உறவு. சாம்பல் படர்ந்த இலை, இனிய மணம். சமையலுக்கு அதுவும் நல்லதுதான் என்றாலும், பீட்சாவின் மேல் தூவப்படும் இலையின் காரமான கடுப்பு அதில் இராது.

உண்மையான ஆரிகானோவிலும் வேறுபாடு உண்டு. ஒரிகனம் வல்கரே என்ற இனம் மத்தியதரைக் கடலோரம் முதல் நம் மேற்கு இமயம் வரை இயற்கையாகவே வளர்வது. அதன் பொது வகை இளஞ்சிவப்புப் பூப் பூத்து அழகாக இருக்குமே ஒழிய மணம் மெலிந்தது. சமையலுக்குத் தேடப்படுவது ஹிர்ட்டம் என்ற துணையினம், அதாவது கிரேக்க ஆரிகானோ. இலையில் மென்மயிர் அடர்ந்து, பூ வெள்ளையாக இருக்கும். பூக்காத சிறு செடியைக் கையில் வைத்துக்கொண்டு இவற்றைக் கண்ணால் பிரிப்பது கடினம்; நாக்குதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இந்த நர்சரியின் மீது எனக்கு மதிப்பு உண்டானது இந்த இடத்தில்தான். செடியைத் தூக்கி விலை கேட்டதும், அங்கே பணியிலிருந்த அம்மா, "ஒரு இலையைக் கிள்ளி வாயில போட்டுப் பாருங்க, பிடிச்சா எடுத்துக்கோங்க" என்றார். மெல்லத் தொடங்கிய சில நொடிகளில் நாக்கின் நுனி சுறுசுறுவென்று எரிந்து இலேசாக மரத்துப்போயிற்று. கார்வக்ரால் மிகுந்த கிரேக்க வகையின் குணம் அதுவே. வாங்குவதற்கு முன் சுவைத்துப் பார்க்க விடுகிற கடை, தான் விற்பதை அறிந்த கடை.

விதை வாங்கி முளைக்க வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஆரிகானோ விதை தூசி போலப் பொடியானது. முளைக்க வெளிச்சம் வேண்டும் என்பதால் மண்ணால் மூடாமல் மேற்பரப்பிலேயே தூவ வேண்டும். அப்படித் தூவிய விதை நம் மொட்டைமாடி வெயிலில் ஒரு மதியத்திலேயே காய்ந்துவிடும். அதைக் காப்பாற்றிவிட்டாலும், விதையிலிருந்து வரும் செடிகள் மணத்திலும் காரத்திலும் ஒன்றுக்கொன்று மாறுபடும். குச்சியிலிருந்து வரும் செடியோ தாயின் குணத்தை அப்படியே கொண்டிருக்கும். ஆகவே நாக்கில் தேர்ச்சி பெற்ற ஒரு செடி கிடைத்துவிட்டால், அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் செடி வாங்கத் தேவையில்லை. இந்த நர்சரிச் செடியை நான் தாய்ச்செடியாகவே மதிப்பிடுவது இதனால்தான். தொட்டியில் எத்தனை இலை இருந்தது என்பது எனக்கு இரண்டாம்பட்சம்.

தாய்ச்செடி என்ற கண்ணோட்டத்தில் பார்த்தால், அவர்கள் கொடுத்தது தரமானது. அடியிலிருந்தே பல கிளைகள் பிரிந்து, அவற்றில் சில தொட்டி விளிம்பைத் தாண்டிப் படரத் தொடங்கியிருந்தன. மண்ணைத் தொட்ட கணுக்களில் ஏற்கெனவே வேர் முளைத்திருந்தது. மொட்டு கட்டியிருக்கவில்லை. பூக்கப் போகும் கிளையின் சத்து பூவுக்கே போய்விடும் என்பதால், மொட்டு வைத்த தண்டை வெட்டி நட்டால் வேர்விடுவது தாமதமாகும். மாவுப்பூச்சி இல்லை, இலையின் அடியில் சிலந்திப்பேனின் நூலாம்படையும் இல்லை. குறை சொல்ல வேண்டுமானால் வளர்ப்பு ஊடகத்தைத்தான் சொல்ல வேண்டும்: முழுக்க முழுக்கத் தென்னைநார்க் கழிவு. குளிர்ந்த மலைக்காற்றில் அது செடியை அமர்க்களமாக வளர்க்கும். ஆனால் ஆரிகானோ பாறைச் சரிவுகளில், வறண்ட சுண்ணாம்பு மண்ணில் பழகிய இனம். வேரில் எப்போதும் ஈரம் தங்கினால் அழுகிவிடும். கீழே கொண்டுவந்தவுடன் தொட்டி மாற்றுவதையும் கூடாத அவசரம் என்றே சொல்வேன். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். சேலமோ 300 மீட்டருக்கும் கீழே. அந்த வேறுபாட்டைச் செடி தாங்குவதற்கு, முதலில் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் சில நாட்கள் வைத்து, புதுத் துளிர் வந்த பிறகே மாற்ற வேண்டும். அப்போது செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு என்ற கலவை போதுமானது. ஆற்றுமணலுக்குப் பதிலாக எம்-சாண்ட் பயன்படுத்துகிறவர்கள், அதிலுள்ள மாவு போன்ற துகள் வடிகாலை அடைத்துவிடும் என்பதால் நன்றாகக் கழுவிக்கொள்ள வேண்டும்.

இனி, குச்சி வெட்டும் முறை. செடி சேலத்து வெயிலுக்குப் பழகிப் புதிதாகக் கிளைத்த பிறகே வெட்ட வேண்டும். மிகவும் இளசான நுனி துவண்டு அழுகும். அடியிலுள்ள, மரம்போல் முற்றிய பகுதி வேர்விட மாதக்கணக்கில் தயங்கும். வளைத்தால் வளைந்து கொடுத்து, ஆனால் நார்த்தன்மை தொடங்கியிருக்கிற நடுத்தர முதிர்ச்சியே சரியானது. எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளத்தில், ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே, ஸ்பிரிட்டால் துடைத்த கூரிய பிளேடால் வெட்டுங்கள். கத்தரிக்கோல் தண்டை நசுக்கும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. கீழ் இரண்டு கணுக்களின் இலைகளைக் கிள்ளிவிட்டு, உச்சியில் இரண்டு மூன்று இணை இலைகளை மட்டும் விடுங்கள். இலை அதிகமானால், வேரில்லாத தண்டு ஈடுகொடுக்க முடியாத அளவுக்கு நீர் ஆவியாகும். கழுவிய மணலும் உப்பு நீங்க அலசிய தென்னைநார்க் கழிவும் சமமாகக் கலந்து, அடியில் ஓட்டையிட்ட காகித டீக் குவளையில் நிரப்பி, வேறொரு குச்சியால் முதலில் துளையிட்டுவிட்டு, இலை நீக்கிய இரண்டு கணுக்களும் உள்ளே போகுமாறு நட்டு, சுற்றிலும் விரலால் அழுத்திவிட வேண்டும். அதன்பின் வெளிச்சமுள்ள நிழல். சேலத்தின் காய்ந்த காற்றில் மேலே ஒரு நெகிழிப் பையைக் கவிழ்ப்பது உதவும். ஆனால் மயிரடர்ந்த இலை புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் தினமும் சிறிது நேரம் பையைத் திறந்துவிடாவிட்டால் நன்மையைவிடக் கேடே அதிகம். இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் வேர் பிடித்துவிடும். உச்சியில் புதிய இலை விரிவதும், மெல்ல இழுத்தால் தண்டு எதிர்த்துப் பிடிப்பதும் அடையாளம். பிடுங்கிப் பார்ப்பது கூடாது.

தண்ணீர்க் குவளையிலும் வேர் விடும். இலை நீரில் படாமல், நீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றிவந்தால் போதும். வேர் வருவதைப் பார்ப்பது குழந்தைகளுக்குப் பெரும் மகிழ்ச்சி. ஆனால் நீரில் வளர்ந்த வேர் உடையக்கூடியது, மண்ணுக்கு மாறும்போது செடி ஒருமுறை வாடித் தெளிகிறது. எண்ணிக்கை வேண்டுபவர்களுக்கு என் பரிந்துரை மணல் கலவைதான். ஒரே ஒரு செடி உறுதியாக வேண்டும் என்பவர்கள், படர்ந்த கிளையை வளைத்து மண்ணில் அழுத்தி, கம்பியால் பிடித்துவைத்துப் பதியன் போடலாம். தாயோடு இணைந்தே வேர்விடுவதால் வாடுவதற்கே இடமில்லை.

நர்சரியில் எனக்கு உடன்பாடில்லாதவை மூன்று. செடியின் அட்டையில் ஆரிகானோ என்று மட்டுமே எழுதியிருக்கிறார்கள். துணையினத்தின் பெயரையும் எழுதினால், சுவைத்துப் பார்க்கத் தெரியாதவர்களுக்கும் நம்பிக்கை பிறக்கும். செடியோடு வேரூக்கி மாவு ஒரு டப்பா வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். செம்பருத்தி, ரோஜா போன்ற மரத்தண்டுகளுக்கு இண்டோல் பியூட்ரிக் அமிலம் கலந்த அந்த மாவு பயன்படலாம். கணுவைத் தொட்ட மண்ணிலெல்லாம் தானாக வேர்விடும் ஆரிகானோவுக்கு அது தேவையற்ற செலவு. மூன்றாவதுதான் பெரிய குறை: தினமும் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள். மேல்மண் ஒரு விரற்கடை ஆழம் காய்ந்த பிறகு ஊற்றுவதே முறை. கோடையில் அது தினமும் ஆகலாம், ஐப்பசி மழையில் வாரக்கணக்கில் தேவைப்படாமலும் போகலாம். இந்த ஒரு தவறான அறிவுரையாலேயே நல்ல செடிகள் பல வீடுகளில் அழுகியிருக்கும் என்று எண்ணும்போது வருத்தமாக இருக்கிறது.

காலமும் முக்கியம். மழை ஓய்ந்து பனி தொடங்கும் மார்கழியிலிருந்து மாசி வரை சேலத்தில் குச்சி நடுவதற்கு ஏற்ற பருவம். சித்திரை, வைகாசியில் வெப்பம் நாற்பது டிகிரியை நெருங்கும்போது வேரில்லாத குச்சியைக் காப்பாற்றுவது வீண் போராட்டம். வளர்ந்த செடிக்கே அப்போது பிற்பகல் வெயிலை மறைக்க நிழல்வலை வேண்டும். மற்ற மாதங்களில் ஆறு மணி நேர நேரடி வெயில் இல்லாவிட்டால் தண்டு நீண்டு, இலை வெளிறி, காரம் குறையும். உரத்தையும் அள்ளிப் போடக் கூடாது; தழைச்சத்து மிகுந்தால் இலை பெருக்குமே ஒழிய எண்ணெய் பெருகாது. நம் ஆழ்துளைக் கிணற்று நீரின் கடினத்தன்மையை இச்செடி பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. காரத்தன்மையுள்ள மண்ணைத் தாங்கும் இயல்பு அதற்கு உண்டு. மூன்று நான்கு ஆண்டுகளில் தாய்ச்செடி அடியில் மரம்போல் முற்றிவிடும் என்பதால், ஆண்டுதோறும் சில குச்சிகளை நட்டு வாரிசைத் தயாராக வைத்திருப்பது நல்லது.

விலை ஒரு சிறு தொட்டிக்கு 80 ரூபாய். கடையில் விற்கும் உலர்ந்த ஆரிகானோ புட்டியோடு ஒப்பிட்டால் இது மலிவே. மொட்டு வைப்பதற்குச் சற்று முன் கிளைகளை அறுத்து, வெயில் படாமல் நிழலில் தொங்கவிட்டு உலர்த்தினால், அந்தப் புட்டியில் கிடைக்காத மணம் கிடைக்கிறது. விடுமுறை நாட்களில் சுற்றுலாக் கூட்டத்தால் நர்சரிக்காரர்களுக்குப் பேச நேரமிருப்பதில்லை; வாரநாள் காலையில் சென்று, படர்ந்த கிளைகள் உள்ள, மொட்டில்லாத செடியாகப் பார்த்து, இலையைக் கட்டாயம் சுவைத்துவிட்டு வாங்குங்கள். இறங்கும்போது இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் தொட்டி சாயாமலிருக்க அட்டைப்பெட்டியில் வைத்து, இடைவெளியில் பழைய செய்தித்தாளைச் சுருட்டி அடைத்துத் தரும்படி கேட்டால், அவர்கள் முகம் கோணாமல் செய்து தருகிறார்கள்.